டைனமோடிபி லோக்கல் மக்கர் செய்தால்: அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிப்பது

அமேசானின் கிளவுடில் ஓடும் டேட்டாபேஸான டைனமோடிபி 2012 ஜனவரியில் வெளிவந்தது. அடுத்த ஆண்டே, நம் கணினியில் தனியாக ஓடக்கூடிய டைனமோடிபி லோக்கலையும் கொடுத்துவிட்டார்கள். ஒரு ஜாவா புரோகிராம், தரவைச் சேமிக்க உள்ளே எஸ்கியூலைட் என்ற ஒரு சின்ன டேட்டாபேஸ். கிளவுட் கணக்கு வேண்டாம், பில் வராது, நெட் இல்லாத இடத்திலும் டெஸ்ட் ஓடும். ஆனாலும் இதை முதன்முதலில் அமைப்பவர்கள் எங்காவது ஓரிடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அதே சில இடங்களில்தான். அவற்றை அறிகுறியை வைத்துத் தேடும்படி கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் திரையில் நிற்கும் பிழை எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். முதல் பகுதியையும் கடைசிப் பகுதியையும் மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## முதலில், பதில் சொல்வது யார் என்று பாருங்கள்

எந்தப் பிழை வந்தாலும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: உங்கள் கோட் பேசிக்கொண்டிருப்பது லோக்கலோடா, உண்மையான கிளவுடோடா? இதை ஊகித்துக்கொண்டு மேலே போனால் மணிக்கணக்கில் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட், போர்ட் 8000 என்று திறந்து பாருங்கள். ‘மிஸ்ஸிங் ஆதென்டிகேஷன் டோக்கன்’ என்று ஒரு பிழை, 400 என்ற ஸ்டேட்டஸோடு வரும். பார்த்ததும் ஏதோ கெட்டுவிட்டது என்று தோன்றும். கெடவில்லை. கையொப்பம் இல்லாமல் வந்த கோரிக்கையை லோக்கல் திருப்பி அனுப்புகிறது, அதாவது சர்வர் உயிரோடு இருக்கிறது. சிஐ பைப்லைனில் (கோட் மாறும்போதெல்லாம் டெஸ்டைத் தானாக ஓட்டும் அமைப்பில்), சர்வர் தயாரா என்று பார்க்கும் ஹெல்த் செக் எழுதும்போதும் இதை நினைவில் வையுங்கள். 200 வரும்வரை காத்திருக்கும் செக் ஒருநாளும் முடியாது. 400 வந்தாலே சர்வர் தயார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் சர்வர் ஓடுகிறது என்பதை மட்டும்தான் இது சொல்லும். உங்கள் கோட் அங்கேதான் போகிறதா என்பது வேறு கேள்வி. அதற்கு டிஸ்கிரைப் டேபிள் அழைப்பை உங்கள் கோடுக்குள்ளிருந்தே போட்டு, பதிலில் வரும் டேபிள் ஏஆர்என்-ஐ (டேபிளின் முழு அடையாளப் பெயரை) அச்சிட்டுப் பாருங்கள். லோக்கல் என்றால் ரீஜன் (கிளவுட் சர்வர்கள் இருக்கும் வட்டாரம்) இருக்க வேண்டிய இடத்தில் ‘டிடிபிலோக்கல்’ என்றும், கணக்கு எண் இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு பூஜ்ஜியங்களும் இருக்கும். அங்கே மும்பை ரீஜனின் பெயரும் உங்கள் நிறுவனத்தின் கணக்கு எண்ணும் தெரிந்தால் டெஸ்டை உடனே நிறுத்துங்கள். ஒவ்வொரு டெஸ்டுக்குப் பிறகும் டேபிளைத் துடைக்கும் கோட் உங்களிடம் இருக்கும். அது இப்போது உண்மையான டேபிளைத் துடைக்கும்.

இன்னும் எளிய வழி, வைஃபையை அணைத்துவிட்டு டெஸ்டை ஓட்டுவது. நெட் இல்லாமல் பாஸ் ஆகும் டெஸ்ட், கிளவுடைத் தொடவில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. எண்ட்பாயிண்ட் (கோரிக்கை போய்ச் சேரும் சர்வர்) முகவரியோடு இணைக்க முடியவில்லை என்று பிழை வந்து, அந்த முகவரியில் அமேசானின் டொமைன் தெரிந்தால், கோரிக்கை அனுப்பும் ஏதோ ஒரு கிளையன்ட் இன்னும் வெளியே போய்க்கொண்டிருக்கிறது.

அப்படிப் போவதற்கு வழக்கமான காரணம் இரண்டு. கோடில் ஐந்தாறு இடங்களில் கிளையன்ட் உருவாக்கப்பட்டு, ஒன்றில் மட்டும் எண்ட்பாயிண்ட் கொடுக்காமல் விட்டிருப்பது முதல் காரணம். கிளையன்ட் உருவாக்குவதை ஒரே ஃபங்ஷனுக்குள் கொண்டுவந்தால் இது தீரும். இரண்டாவது காரணம் கொஞ்சம் மறைவானது. ‘ஏடபிள்யூஎஸ்_எண்ட்பாயிண்ட்_யூஆர்எல்_டைனமோடிபி’ என்ற என்விரான்மென்ட் வேரியபிளை வைத்தால் கோடைத் தொடாமலே எல்லாக் கிளையன்டையும் லோக்கலுக்குத் திருப்பலாம். ஆனால் இந்த வசதி எஸ்டிகே-களுக்கு (கோடிலிருந்து அமேசான் கிளவுடோடு பேச உதவும் லைப்ரரிகளுக்கு) வரத் தொடங்கியதே 2023-இல்தான். அதற்கு முந்தைய எஸ்டிகே இந்த வேரியபிளைக் கண்டுகொள்ளாது. பிழையும் சொல்லாது, எச்சரிக்கையும் தராது, நேராகக் கிளவுடுக்குப் போய்விடும். பழைய புராஜெக்டில் வேலை செய்பவர்கள் எஸ்டிகே-யின் வெர்ஷனைப் பார்த்துவிட்டு அப்புறம் இந்த வேரியபிளை நம்புங்கள். கோடிலேயே எண்ட்பாயிண்ட் எழுதப்பட்டிருந்தால் அதுதான் செல்லும், வேரியபிள் செல்லாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் மேலாக ஒரு பாதுகாப்பு உண்டு. லோக்கல் டெஸ்ட் ஓடும் சூழலில் உண்மையான ஆக்சஸ் கீ (கிளவுட் கணக்குக்குள் நுழையும் சாவி) இருக்கவே கூடாது. எதையாவது போலியாகக் கொடுங்கள். கோட் தவறிக் கிளவுடுக்குப் போனாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். டெஸ்ட் அமைப்பில் வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

## ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்’

பிரவுசரில் 400 வருகிறது, கோடுக்கு மட்டும் இணைப்பு மறுக்கப்படுகிறது என்றால், உங்கள் கோடும் ஒரு கன்டெய்னருக்குள் (டாக்கர் ஒரு புரோகிராமைத் தனியாக ஓட்டும் பெட்டிக்குள்) ஓடுகிறதா என்று பாருங்கள். கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்பது அந்தக் கன்டெய்னரையே குறிக்கும், உங்கள் லேப்டாப்பை அல்ல. பல கன்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் டாக்கர் கம்போஸ் பயன்படுத்தினால், கம்போஸ் ஃபைலில் டைனமோடிபி லோக்கலுக்கு என்ன சர்வீஸ் பெயர் வைத்தீர்களோ அதையே ஹோஸ்ட் பெயராகக் கொடுங்கள். போர்ட் அதே 8000. வெளியே தெரியும்படி 9000-க்கு மாற்றியிருந்தாலும் கன்டெய்னர்களுக்கு இடையே 8000-தான்.

பிழைச் செய்தியில் முகவரி இரண்டு முக்காற்புள்ளிகளும் ஒன்றும் சேர்ந்து ::1 என்று இருந்தால், அது ஐபிவி6. நோட் ஜேஎஸ் 17-லிருந்து லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயருக்குக் கணினி எந்த முகவரியை முதலில் தருகிறதோ அதையே எடுத்துக்கொள்கிறது. பல கணினிகளில் அது ஐபிவி6-ஆக இருக்கும். சர்வர் ஐபிவி4-இல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் சந்திப்பே நடக்காது. எண்ட்பாயிண்டில் 127.0.0.1 என்று எண்ணாகவே எழுதிவிடுங்கள், சரியாகிவிடும்.

எஸ்எஸ்எல் சம்பந்தமான பிழை வந்தால் முகவரி எச்டிடிபிஎஸ் என்று தொடங்குகிறது என்று பொருள். லோக்கல் பேசுவது வெறும் எச்டிடிபி.

அலுவலக லேப்டாப் என்றால் பிராக்ஸியையும் சந்தேகப்படுங்கள். எச்டிடிபி பிராக்ஸி வேரியபிள் வைக்கப்பட்டிருந்தால் 127.0.0.1-க்குப் போக வேண்டிய கோரிக்கைகூட பிராக்ஸிக்குப் போகும். வீட்டில் வேலை செய்யும் டெஸ்ட் அலுவலகத்தில் மட்டும் செயலிழக்கும். நோ பிராக்ஸி வேரியபிளில் லோக்கல்ஹோஸ்டையும் 127.0.0.1-ஐயும் சேர்த்தால் போதும்.

போர்ட் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது என்று வந்தால், 8000 என்பது ஜாங்கோவின் டெவலப்மென்ட் சர்வருக்கும் வழக்கமான போர்ட். பைத்தானின் சின்ன எச்டிடிபி சர்வரும் அதையேதான் எடுக்கும். பைத்தான்காரர்கள் லோக்கலை வேறு போர்டில் வைத்துக்கொள்வது நிம்மதி.

## தொடங்கும்போதே விழுகிறது

ஜாவா தொடங்கி உடனே ‘அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன்’ என்று விழுந்து, செய்தியில் 61 என்ற எண் இருந்தால், உங்களிடம் இருப்பது பழைய ஜாவா. 61 என்பது ஜாவா 17-ஐக் குறிக்கும் எண். கணினியில் இரண்டு மூன்று ஜாவா இருந்தால், டெர்மினலில் எது முதலில் அகப்படுகிறது என்று பாருங்கள். 17 நிறுவியிருந்தாலும் பாத்தில் 8 முன்னால் இருக்கக்கூடும்.

‘எஸ்கியூலைட்4ஜாவா’ என்ற பெயரோடு லைப்ரரி கிடைக்கவில்லை என்று வந்தால், ஜார் ஃபைலோடு வரும் லிப் ஃபோல்டரை ஜாவா லைப்ரரி பாத்தாகக் காட்டவில்லை, அல்லது வேறு ஃபோல்டரில் நின்றுகொண்டு கமாண்டை ஓட்டுகிறீர்கள். விண்டோஸ் பவர்ஷெல்லில் இன்னொரு சிக்கல் உண்டு. அந்த ஆப்ஷனில் புள்ளிகள் இருப்பதால் பவர்ஷெல் அதைத் துண்டாக்கிவிடும். பெயரையும் மதிப்பையும் சேர்த்து இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். ஆப்பிள் எம்1 போன்ற சிப் உள்ள மேக்கில் பழைய வெர்ஷன் இதே பிழையைத் தரும். புதிய வெர்ஷனுக்கு மாறிவிடுங்கள், வேறு வித்தை எதுவும் செய்ய வேண்டாம்.

டாக்கரில் அதிகம் பார்ப்பது வேறொன்று. எல்லோருக்கும் ஒரே டேட்டாபேஸ் தரும் ஷேர்ட் டிபி ஆப்ஷனைச் சேர்க்கிறீர்கள், ‘அன்ரெகக்னைஸ்ட் ஆப்ஷன்’ என்று சொல்லி ஜாவாவே தொடங்க மறுக்கிறது. அந்த இமேஜில் (கன்டெய்னர் உருவாகும் மூல ஃபைலில்) என்ட்ரிபாயிண்டாக, அதாவது முதலில் ஓடும் கமாண்டாக, இருப்பது வெறும் ஜாவா. கம்போஸ் ஃபைலின் கமாண்ட் வரியில் நீங்கள் எழுதுவது ஏற்கெனவே இருக்கும் கமாண்டோடு சேராது, அதை முழுவதுமாக மாற்றிவிடும். ஆகவே ஜார் ஆப்ஷன், ஜார் ஃபைலின் பெயர், அப்புறம் ஷேர்ட் டிபி என்று மூன்றையும் வரிசையாக எழுத வேண்டும். ஷேர்ட் டிபியை மட்டும் எழுதினால் ஜாவா அதைத் தனக்கான ஆப்ஷன் என்று நினைத்துக்கொண்டு புரியவில்லை என்கிறது.

டேட்டாபேஸ் ஃபைலைத் திறக்க முடியவில்லை, எஸ்கியூலைட் பிழை 14 என்று லாகில் வந்தால், மவுண்ட் செய்த ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லை. கன்டெய்னருக்குள் புரோகிராம் ஓடுவது ரூட்டாக அல்ல, அதற்கென்று ஒரு தனி யூசராக. லினக்ஸில், ஃபோல்டர் முன்பே இல்லாவிட்டால் டாக்கர் அதை ரூட் பெயரில் உருவாக்கும். ஃபோல்டரை நீங்களே முன்கூட்டி உருவாக்கி அனுமதி கொடுங்கள். அவசரத்துக்கு, கம்போஸ் ஃபைலில் அந்த சர்வீஸுக்கு யூசர் ரூட் என்று எழுதலாம். உங்கள் லேப்டாப்பில் மட்டும் ஓடும் டெஸ்ட் டேட்டாபேஸுக்கு அது பரவாயில்லை.

நெட் இல்லாத இடத்தில் கன்டெய்னர் தொடங்கவே இல்லை என்றால், இமேஜ் கணினியில் இருக்கிறதா, ஒவ்வொரு முறையும் புதிதாக இழுக்கும்படி கம்போஸில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். டெஸ்டுக்குள்ளிருந்தே கன்டெய்னர்களைத் தொடங்கும் டெஸ்ட்கன்டெய்னர்ஸ் லைப்ரரியைப் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொரு இமேஜும் வேண்டும். வேலை முடிந்ததும் கன்டெய்னர்களை ஒழித்துக்கட்டும் ‘ரியூக்’ என்ற துணை இமேஜ் அது. அதையும் முன்னமே இழுத்து வைத்துக்கொள்ளாமல் ரயில் ஏறினால் ஒரு டெஸ்டும் ஓடாது.

## டேபிள் இருக்கிறது, ஆனால் இல்லை என்கிறது

எல்லோரையும் ஒருமுறையாவது குழப்பும் பிழை இதுதான். கமாண்ட் லைனில் டேபிளை உருவாக்கினீர்கள். பட்டியல் கேட்டால் பெயர் தெரிகிறது. கோடை ஓட்டினால் ‘ரிசோர்ஸ் நாட் ஃபவுண்ட்’, இல்லாத டேபிளில் வேலை செய்ய முடியாது என்று பதில். பெயரில் எழுத்துப்பிழை தேடி, கேப்பிடல் எழுத்து தேடி, சர்வரை நிறுத்தித் தொடங்கி, எதுவும் உதவாது.

லோக்கலைத் தொடங்கிய ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். தரவு ஃபைல்கள் அங்கே இருக்கும், பெயரின் முதல் பாதி ஆக்சஸ் கீ, அடிக்கோடுக்குப் பிறகு ரீஜன். இரண்டு ஃபைல்கள் தெரிந்தால் விஷயம் வெளிச்சமாகிவிட்டது. ஒன்று மும்பையைக் குறிக்கும் ஏபி-சவுத்-1 என்று முடியும், இன்னொன்று வர்ஜீனியாவைக் குறிக்கும் யூஎஸ்-ஈஸ்ட்-1 என்று முடியும். ஆப்ஷன் எதுவும் கொடுக்காமல் தொடங்கினால் லோக்கல் ஒவ்வொரு ஆக்சஸ் கீ, ரீஜன் சேர்க்கைக்கும் ஒரு தனி டேட்டாபேஸ் வைத்துக்கொள்ளும். கிளவுடில் கணக்கும் ரீஜனும் மாறினால் டேபிள்கள் மாறும் அல்லவா, அந்த நடத்தையை அப்படியே பின்பற்றுகிறது. உங்கள் கமாண்ட் லைன் மும்பை ரீஜனோடு டேபிளை உருவாக்கியது. கோட் வர்ஜீனியா ரீஜனோடு தேடுகிறது. சர்வர் ஒன்றுதான், டேட்டாபேஸ் இரண்டு.

ஷேர்ட் டிபி ஆப்ஷனோடு தொடங்கினால் கீயும் ரீஜனும் என்னவாக இருந்தாலும் எல்லோருக்கும் ஒரே ஃபைல்தான். தனியொருவர் தன் லேப்டாப்பில் வேலை செய்ய இதுவே போதும், நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன். டேபிள்களைத் திரையில் பார்க்க உதவும் அமேசானின் நோஎஸ்கியூஎல் ஒர்க்பெஞ்சைப் பயன்படுத்துபவர்களுக்கு இது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது லோக்கலோடு இணையும்போது தனக்கென்று ஒரு போலி கீயை வைத்துக்கொள்ளும். உங்கள் கோடின் கீ வேறாக இருக்கும். ஒர்க்பெஞ்சில் உருவாக்கிய டேபிள் கோடுக்குத் தெரியாது, கோட் உருவாக்கியது ஒர்க்பெஞ்சில் தெரியாது.

ஏற்கெனவே தனி ஃபைல்களில் தரவு சேர்ந்துவிட்டது, அதன் பிறகு ஷேர்ட் டிபிக்கு மாறினால் பழைய டேபிள்கள் காணாமல் போனதுபோல் தெரியும். எங்கும் போகவில்லை, பழைய ஃபைலிலேயே இருக்கின்றன. லோக்கல் இப்போது பார்ப்பது வேறு ஃபைலை.

இந்தப் பிரிப்பையே சாதகமாக்கிக்கொள்ளவும் முடியும். பல டெஸ்ட் தொகுப்புகள் ஒரே நேரத்தில் ஓடி, ஒன்றின் தரவை இன்னொன்று அழித்துவிடுகிறது என்றால், ஷேர்ட் டிபி இல்லாமல் ஓட்டி ஒவ்வொரு தொகுப்புக்கும் வேறொரு போலி கீ கொடுங்கள். ஒன்று மற்றொன்றின் கண்ணில் படாது.

## தரவு காணாமல் போகிறது

தரவை ஃபைலில் எழுதாமல் மெமரியில் மட்டும் வைக்கும் இன் மெமரி ஆப்ஷனோடு தொடங்கியிருந்தால் சர்வரை நிறுத்தியதும் எல்லாம் போய்விடும். டாக்கர் இமேஜில் கமாண்ட் எதுவும் கொடுக்காவிட்டால் அதுவாகவே இன் மெமரியில்தான் ஓடும். தரவு நிற்க வேண்டும் என்றால், சேமிக்கும் இடத்தைச் சொல்லும் டிபி பாத் ஆப்ஷனும், கன்டெய்னர் போனாலும் நிற்கும் ஒரு வால்யூமும் கொடுங்கள். இன் மெமரி, டிபி பாத் ஆகிய இரண்டு ஆப்ஷனையும் சேர்த்துக் கொடுத்தால் ஏற்காது. டெஸ்டுக்கு இன் மெமரிதான் நல்லது. நேற்றைய டெஸ்டின் மிச்சத்தால் இன்றைய டெஸ்ட் பாஸ் ஆவது என்ற பிரச்சினையே இருக்காது, வேகமும் கூடும்.

## டோக்கன் செல்லாது என்கிறது

‘அன்ரெகக்னைஸ்ட் கிளையன்ட் எக்ஸெப்ஷன்’ என்று வந்தால் அவசரப்பட்டுக் கீயை மாற்றாதீர்கள். ஒரே பெயரில் இரண்டு வேறு காரணங்கள் இருக்கின்றன.

ஒன்று, லோக்கலே மறுக்கிறது. லோக்கலின் வெர்ஷன் 2-லிருந்து ஆக்சஸ் கீயில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் மட்டுமே இருக்கலாம் என்ற விதி வந்துவிட்டது. பழைய புராஜெக்ட்களில் போலி கீயாக அடிக்கோடோ ஹைஃபனோ வைத்து ‘டெஸ்ட்_கீ’ என்பது போல எழுதியிருப்பார்கள். ஆண்டுக்கணக்கில் வேலை செய்திருக்கும். இமேஜ் புதுப்பிக்கப்பட்ட அன்று எல்லா டெஸ்டும் ஒரேயடியாக விழும், கோடில் ஒரு வரிகூட மாறியிருக்காது. குறியை நீக்கிவிட்டுச் சேர்த்து எழுதினால் முடிந்தது. இமேஜில் லேட்டஸ்ட் என்று எழுதாமல் குறிப்பிட்ட வெர்ஷனை எழுதியிருந்தால் இந்தத் திடீர் அதிர்ச்சியே வந்திருக்காது.

மற்றொன்று, போலி கீயோடு கோட் உண்மையான கிளவுடுக்குப் போய்விட்டது, அங்கிருந்து மறுப்பு வருகிறது. இரண்டையும் பிரித்தறிய வைஃபையை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அதே பிழை வந்தால் லோக்கல். இணைப்புப் பிழையாக மாறினால் கிளவுட்.

## பிழையும் இல்லை, பதிலும் இல்லை, அப்படியே நிற்கிறது

லோக்கலுக்கு உண்மையான கீ வேண்டாம் என்றாலும் ஏதோ ஒரு கீ வேண்டும், ஒரு ரீஜனும் வேண்டும். கோரிக்கையில் கையொப்பமிட எஸ்டிகே-க்கு அவை தேவை. கொடுக்காவிட்டால் எஸ்டிகே தானே தேடக் கிளம்பும். வேரியபிள்களைப் பார்க்கும், கான்ஃபிக் ஃபைலைப் பார்க்கும், கடைசியில் 169.254.169.254 என்ற முகவரியைத் தட்டிப் பார்க்கும். அமேசான் வாடகைக்குத் தரும் இசி2 சர்வர்களுக்குள் அடையாளம் வழங்கும் முகவரி அது. உங்கள் லேப்டாப்பில் அங்கே யாரும் இல்லை. பதில் வராமல் டைம் அவுட் ஆகும்வரை கோட் நிற்கும். போலி கீயும் ரீஜனும் கொடுத்துவிட்டால் அந்தத் தேடலே நடக்காது. கூடுதல் உறுதிக்கு ‘ஏடபிள்யூஎஸ்_இசி2_மெட்டாடேட்டா_டிஸேபிள்ட்’ என்ற வேரியபிளை ட்ரூ என்று வைக்கலாம்.

டீஃபால்ட் புரொஃபைல் எஸ்எஸ்ஓ (நிறுவனத்தின் ஒரே லாகினில் எல்லாவற்றுக்கும் நுழையும் முறை) வழியாக அமைக்கப்பட்டிருந்தால், நெட் இல்லாதபோது லோக்கலைத் தொடுவதற்கு முன்பே விழும். டோக்கனைப் புதுப்பிக்க அதற்கு நெட் வேண்டும். டெஸ்டுக்குத் தனிப் புரொஃபைல் வையுங்கள்.

முகவரி தவறாக இருந்தாலும் நெடுநேரம் நிற்கக்கூடும். எஸ்டிகே ஒரு தோல்வியை உடனே சொல்லாது, இடைவெளி விட்டு மறுபடி மறுபடி முயலும். பைத்தானின் போடோ3-இல் இணைப்புக்கான டைம் அவுட் மட்டும் 60 விநாடி. டெஸ்ட் கிளையன்டுக்கு இதை ஓரிரு விநாடியாகக் குறைத்து, ரீட்ரையையும் ஒன்றோடு நிறுத்துங்கள். பிழை உடனே முகத்துக்கு நேரே வந்து நிற்கும்.

## லோக்கலில் பாஸ், கிளவுடில் ஃபெயில்

மேலே சொன்னவை எல்லாம் சத்தம் போடும் பிழைகள். சத்தமே போடாமல் இருந்துவிட்டு, கோட் மேலே, அதாவது உண்மையான கிளவுடுக்கு, போன பிறகு வாடிக்கையாளர் முன்னால் வெளிப்படுபவைதான் உண்மையில் ஆபத்தானவை. லோக்கல் பல இடங்களில் கிளவுடைவிடத் தாராளமாக நடந்துகொள்கிறது. எங்கெங்கே என்று தெரிந்தால்தான் அதற்கேற்ப டெஸ்ட் எழுத முடியும்.

எழுதிய உடனே படிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கிளவுடில் சாதாரண ரீட் உடனடியாகப் புதிய மதிப்பைத் தரும் என்ற உத்தரவாதம் இல்லை. லோக்கலில் எல்லாம் ஒரே கணினியில், ஒரே ஃபைலில் நடப்பதால் எப்போதும் புதிய மதிப்பே வருவதுபோல் இருக்கும். ஆர்டரைச் சேமித்துவிட்டு அடுத்த வரியிலேயே குளோபல் இண்டெக்ஸ் (வேறு கீயை வைத்துத் தேட உதவும் துணைப் பட்டியல்) வழியாக அதைத் தேடும் கோட், லோக்கலில் ஆயிரம் முறை ஓட்டினாலும் பாஸ் ஆகும். கிளவுடில் அவ்வப்போது காலியாக வரும். குளோபல் இண்டெக்ஸில், புதிய மதிப்பையே தரும் கன்சிஸ்டன்ட் ரீட் கேட்கவும் முடியாது. இதை லோக்கல் டெஸ்ட் கண்டுபிடிக்காது, கோட் ரிவ்யூவில் கண்தான் கண்டுபிடிக்க வேண்டும். எழுதிய உடனே இண்டெக்ஸைக் கேட்கும் இடம் எது வந்தாலும் நிறுத்திக் கேள்வி கேளுங்கள்.

த்ரூபுட் அளவை (ஒரு விநாடிக்கு எவ்வளவு படிக்கலாம், எழுதலாம் என்ற வரம்பை) லோக்கல் மதிப்பதே இல்லை. டேபிளை உருவாக்கும்போது ஒன்று என்று கொடுத்தாலும் பத்தாயிரம் என்று கொடுத்தாலும் அதற்கு ஒன்றுதான். ஆகவே வரம்பு மீறினால் வரும் த்ராட்டில் பிழை வராது. அதன் தொடர்ச்சியாக இன்னொன்றும் நடக்காது. பேட்ச் ரைட்டில் ஒரு முறைக்கு 25 ஐட்டம்வரை அனுப்பலாம், கிளவுட் அதில் சிலவற்றை ஏற்காமல் ‘அன்புராசஸ்ட் ஐட்டம்ஸ்’ என்று திருப்பித் தரக்கூடும். பிழை எதுவும் எழாது, பதிலுக்குள் அமைதியாக அந்தப் பட்டியல் இருக்கும். அதைப் பார்த்து மறுபடி அனுப்பாத கோட் தரவைத் தொலைக்கிறது. லோக்கலில் அந்தப் பட்டியல் எப்போதும் காலி. எனவே இந்த இடத்துக்கு மட்டும் கிளையன்டைப் போலியாக்கி, இரண்டு ஐட்டம் திரும்பி வருவதுபோல் பதில் கொடுத்து டெஸ்ட் எழுதுங்கள். ஒரே ஐட்டத்தை இரண்டு டிரான்சாக்‌ஷன் ஒரே நேரத்தில் தொடும்போது வரும் மோதல் பிழையும் இதே வகைதான். லோக்கல் அதை எழுப்பாது, இதேபோல் போலிப் பதில் கொடுத்துத்தான் சோதிக்க வேண்டும்.

பக்கம் பக்கமாகப் படிப்பது அடுத்தது. ஒரு குவெரி அதிகபட்சம் 1 எம்பி தரும், மிச்சத்துக்கு அடுத்த கீயைக் கொடுக்கும். இந்த எல்லை லோக்கலிலும் உண்டு. ஆனால் டெஸ்டில் நாம் போடும் பத்து ஐட்டம் அதைத் தொடுவதே இல்லை, ஆகவே அடுத்த பக்கம் கேட்கும் கோட் ஒருமுறைகூட ஓடியிருக்காது. குவெரியின் லிமிட்டை வெளியிலிருந்து மாற்றும்படி எழுதி, டெஸ்டில் 2 என்று வைத்து ஐந்து ஐட்டம் கேளுங்கள். லூப் சரியாக இருந்தால்தான் ஐந்தும் வரும். இண்டெக்ஸில் குவெரி செய்யும்போது பக்கங்களின் எண்ணிக்கை இரண்டு இடத்திலும் ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். கிளவுட் இண்டெக்ஸில் உள்ள கீகளையும் புலங்களையும் மட்டும் கணக்கிடுகிறது, லோக்கல் முழு ஐட்டத்தின் அளவையும் கணக்கிடுகிறது.

டேபிள் உருவாக்கியதும் லோக்கலில் அது உடனே ஆக்டிவ். கிளவுடில் கிரியேட்டிங் என்ற நிலையில் சில நொடிகள் இருக்கும், அதற்குள் எழுதினால் பிழை. டேபிள் தயாராகும்வரை காத்திருக்கும் வெயிட்டர் எஸ்டிகே-யில் இருக்கிறது, அதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். ‘டிலே டிரான்சியன்ட் ஸ்டேட்டஸஸ்’ என்ற ஆப்ஷனோடு லோக்கலைத் தொடங்கினால் அதுவும் அந்தத் தாமதத்தைக் காட்டும். சிஐ-யில் இதைப் போட்டுவைப்பது நல்ல பழக்கம்.

டேபிளைப் பகுதிகளாகப் பிரித்து ஒரே நேரத்தில் படிக்கும் இணை ஸ்கேன் லோக்கலில் கிடையாது, செக்மெண்ட் எண்ணைக் கொடுத்தாலும் வரிசையாகவே ஓடும். ஆகவே லோக்கலில் வேகத்தை அளந்து முடிவெடுக்க வேண்டாம். டேபிள் பெயரின் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டில் மட்டும் லோக்கல்தான் கறார். கிளவுடில் அந்த வேறுபாட்டோடு இரண்டு டேபிள் வைக்கலாம், லோக்கலில் இரண்டாவதை உருவாக்க விடாது.

ஐஏஎம் அனுமதிகளை (யார் எந்த டேபிளைத் தொடலாம் என்ற கிளவுட் விதிகளை) லோக்கல் பார்ப்பதே இல்லை. கோட் சரி, டெஸ்ட் சரி, மேலே போனதும் ‘ஆக்சஸ் டினைட்’. பெரும்பாலும் பாலிசியில் டேபிளின் ஏஆர்என் மட்டும் எழுதியிருப்பார்கள், இண்டெக்ஸுக்கான ஏஆர்என் விட்டுப்போயிருக்கும். நேரடி ரீட் வேலை செய்யும், இண்டெக்ஸ் குவெரி மட்டும் விழும். இதை லோக்கலில் பிடிக்க எந்த ஆப்ஷனும் இல்லை.

ஆகவே அனுமதி, இண்டெக்ஸ் தாமதம், வெயிட்டர் ஆகிய மூன்றையும் தொடும் சில டெஸ்டுகளை மட்டும் தனியாகக் குறித்துவைத்து, மெயின் பிராஞ்சில் சேர்க்கும்போது உண்மையான கிளவுடில் ஓட்டுங்கள். அதற்கென்று ஒரு தனிக் கணக்கு இருக்கட்டும். டேபிள் பெயரின் முடிவில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மாறும் ஒரு சொல்லைச் சேருங்கள், பயன்படுத்திய அளவுக்கே கட்டணம் வரும் ஆன் டிமாண்ட் முறையில் உருவாக்குங்கள், டெஸ்ட் விழுந்தாலும் பாஸ் ஆனாலும் கடைசியில் டேபிளை அழிக்கும் படி கட்டாயம் ஓடும்படி பைப்லைனில் எழுதுங்கள்.